ரத்தப் பரிசோதனையில் முதுகு வளைவு கூடுமா என்று தெரிந்துவிடுமா?

மலைக்கோட்டை_அம்மா

மகளுக்கு 12 வயது. சீருடை தைக்கக் கொடுத்தபோது தையல்காரர்தான் முதலில் கவனித்தார், ஒரு பக்கம் தோள் இறங்கியிருக்கிறது என்று. எக்ஸ்-ரே எடுத்தோம், ஸ்கோலியோசிஸ், காப் கோணம் (எக்ஸ்-ரேயில் அளக்கும் வளைவின் அளவு) 18 டிகிரி. இன்னும் வயதுக்கு வரவில்லை. எலும்பு டாக்டர் ரிஸ்ஸர் 0 (இடுப்பெலும்பைப் பார்த்து வளர்ச்சி எவ்வளவு பாக்கி என்று சொல்லும் எண்ணாம்) என்று எழுதி, இப்போதைக்கு ஒன்றும் செய்ய வேண்டாம், 4 மாதம் கழித்துப் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார். சும்மா காத்திருப்பது எவ்வளவு கஷ்டம் என்று பெற்றவர்களுக்குத்தான் தெரியும்.

இதற்கிடையில் வேறொரு இடத்தில் ரத்தம் எடுத்து ஒரு பேனல் பார்த்தால் வளைவு கூடுமா கூடாதா என்று இப்போதே சொல்லிவிடலாம் என்றார்கள். வைட்டமின் டி, கால்சியம், ஏ.எல்.பி., மெலடோனின், இன்னும் ஏதோ இரண்டு மூன்று பெயர்கள். பணம் கட்டி எடுத்தும் விட்டோம். காலை பத்தரை மணிக்கு ரத்தம் எடுத்தார்கள். வைட்டமின் டி குறைவு, ஏ.எல்.பி. சிவப்பு எழுத்தில் "அதிகம்", மெலடோனின் "மிகக் குறைவு". வளைவு கூடும் வாய்ப்பு அதிகம், உடனே பிரேஸ் (முதுகைப் பிடித்து நிறுத்தும் பிளாஸ்டிக் கூடு) போடுங்கள் என்கிறார்கள். எலும்பு டாக்டரோ பேப்பரைப் பார்த்துவிட்டு மடித்துத் திருப்பிக் கொடுத்தார். யாரை நம்புவது? இந்தத் துறையில் படித்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பிசியோ_அக்கா

முதலில் மூச்சு விடுங்கள் அம்மா. 18 டிகிரி என்பது சின்ன வளைவு. 10 டிகிரிக்கு மேல் இருந்தால்தான் ஸ்கோலியோசிஸ் என்றே பெயர், அது பதின்ம வயதுப் பிள்ளைகளில் 100 பேருக்கு 2, 3 பேருக்கு இருக்கிறது, பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் வயதுக்கு வரவில்லை, ரிஸ்ஸர் 0 என்றால் உயரம் வேகமாகக் கூடும் கட்டம் இன்னும் முடியவில்லை என்று அர்த்தம், வளைவு ஏறுவதும் அப்போதுதான். அதனால் அந்த 4 மாதக் கெடுவைத் தவற விடாதீர்கள். உங்கள் டாக்டர் செய்தது சரி.

ராத்திரியில் தூக்கத்தைக் கெடுக்கும் வலி, கால் மரத்துப்போவது, நெஞ்சுப் பகுதியில் வளைவு இடப்பக்கமாக இருப்பது, இதில் ஏதாவது உண்டா? இருந்தால் எம்.ஆர்.ஐ. பற்றிக் கேளுங்கள். இல்லையென்றால் விடுங்கள்.

ரத்தப் பேனல் பற்றி நான் சொல்வதைவிட ரத்தமாதிரி சொன்னால் நன்றாக இருக்கும். எங்கே அவர்?

ரத்தமாதிரி

வந்துவிட்டேன். எலும்புசார் பயோமார்க்கர்களில்தான் (உடல்நிலையைக் காட்டும், ரத்தம் போன்றவற்றில் அளக்கும் குறிகள்) என் ஆராய்ச்சி, ஸ்கோலியோசிஸ் என் நேரடித் தலைப்பு இல்லை, ஆனால் பக்கத்து வீடு.

அம்மா, உங்கள் பேப்பரில் இருக்கும் மூன்றையும் பார்ப்போம். ஏ.எல்.பி. என்பது ரத்தத்தில் உள்ள ஒரு நொதி, அதில் எலும்பு வளர்ச்சியின் பங்கு பெரியது. வளரும் பிள்ளைகளுக்கு அது பெரியவர்களின் அளவைவிட இரண்டு மூன்று மடங்கு இருப்பது சகஜம். ரிப்போர்ட்டில் அச்சடித்திருக்கும் வரம்பு பெரியவர்களுக்கானதாக இருக்கும், அதனால் சிவப்பு. 12 வயதுப் பெண்ணுக்கு ஏ.எல்.பி. ஏறியிருந்தால் "பிள்ளை வளர்கிறாள்" என்பதற்கு மேல் அதில் செய்தி இல்லை. வைட்டமின் டி குறைவு, அது வெயில் கொட்டும் நம் ஊரிலும் பாதிப் பேருக்கு மேல் வரும் ரிசல்ட். டாக்டரைக் கேட்டு மாத்திரை கொடுங்கள், எலும்புக்கு நல்லது. ஸ்கோலியோசிஸ் பிள்ளைகளுக்கு வைட்டமின் டி.யும் எலும்பு அடர்த்தியும் சராசரியாகக் கொஞ்சம் குறைவு என்று ஹாங்காங் சீனப் பல்கலைக்கழகக் குழு முதல் பலரும் காட்டியிருக்கிறார்கள்தான். ஆனால் சராசரியில் குறைவு என்பதை வைத்து உங்கள் மகளின் வளைவு கூடும் என்று சொல்ல முடியாது.

மெலடோனின்தான் எனக்குக் கோபம் வரவைக்கிறது. அது இருட்டில் சுரக்கும் ஹார்மோன். நள்ளிரவு தாண்டி உச்சத்துக்குப் போய், வெளிச்சம் பட்டதும் சரிந்துவிடும். காலை பத்தரை மணிக்கு யாருக்கு எடுத்தாலும் "மிகக் குறைவு" என்றுதான் வரும். எனக்கு எடுத்தாலும் அப்படித்தான். இதற்குப் பணம் வாங்கியிருக்கிறார்கள்.

அந்த மெலடோனின் கதை எங்கிருந்து வந்தது என்பது சுவாரசியமானது, அதனால் சொல்கிறேன். 1959-இல் பிரான்சில் தியார் என்ற ஆராய்ச்சியாளர் கோழிக்குஞ்சுகளின் மூளையில் மெலடோனின் சுரக்கும் பினியல் சுரப்பியை எடுத்துவிட்டபோது அவற்றின் முதுகு வளைந்தது. 1990-களில் ஜப்பானில் மச்சிதா என்பவர் அதை விரிவாகச் செய்து, வளைவு ஏறிக்கொண்டிருக்கும் பிள்ளைகளின் ரத்தத்தில் மெலடோனின் குறைவு என்றும் 1996-இல் எழுதினார். உலகமே பரபரப்பானது. அதே சமயத்தில் வேறு குழுக்கள் சிறுநீரிலும் ரத்தத்திலும் அளந்து பார்த்தால் வித்தியாசமே இல்லை. அப்புறம் 2005-இல் ஹாங்காங் ஆராய்ச்சியாளர்கள் ரீசஸ் குரங்குகளுக்குப் பினியலை எடுத்துப் பார்த்தார்கள், ஒன்றுக்குக்கூட முதுகு வளையவில்லை. கோழிக்கு நடந்தது குரங்குக்கு நடக்கவில்லை என்றால் மனிதப் பிள்ளைக்கு என்ன சொல்வது? ஆக, ரத்தத்தில் மெலடோனின் அளவைப் பார்த்து ஜோசியம் சொல்லும் வேலை இருபது வருஷத்துக்கு முன்பே காலாவதியாகிவிட்டது.

மலைக்கோட்டை_அம்மா

ரொம்ப நன்றி. வயிற்றைக் கலக்கிக்கொண்டிருந்தது கொஞ்சம் அடங்கியது. அக்கா கேட்ட அறிகுறிகள் எதுவும் இல்லை. அப்படியானால் ரத்தத்தில் பார்ப்பதே பொய்யா, இல்லை உண்மையான ஆராய்ச்சி ஏதாவது நடக்கிறதா?

ஸ்கார்பரோ_மாமா

தங்கச்சி, உண்மையான ஆராய்ச்சி இங்கே கனடாவில்தான் நடக்குது. என் மருமகளுக்கு (அக்காவின் மகள்) இதே பிரச்சினை இருந்ததால நான் கொஞ்சம் வாசிச்சனான். மொன்றியல் சென்ட்-ஜஸ்டின் பிள்ளைகள் ஆஸ்பத்திரியில் அலன் மொரோ என்ற விஞ்ஞானி நீண்ட காலமாக இதைத்தான் செய்கிறார். அவர் சொல்வது மெலடோனின் அளவில் பிழை இல்லை, அது செல்லுக்கு வந்து கதவைத் தட்டும்போது உள்ளே சேதி போகவில்லை என்பது. அதை ரத்தத்தில் உள்ள வெள்ளை அணுக்களை வைத்தே பார்க்கலாம் என்கிறார்கள். இது ஏன் இன்னும் எல்லா ஆஸ்பத்திரிக்கும் வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. ரத்தமாதிரி தம்பி சொன்னால் நல்லது.

இன்னொன்று, ரொறன்ரோவிலும் பிரின்ஸ்டனிலும் சேர்ந்து வரிக்குதிரை மீனில் செய்த வேலை 2016-இல் சயன்ஸ் இதழில் வந்தது. ஒரு மரபணு பழுதாகி மூளை, தண்டுவட நீர் ஓட்டம் குழம்பினால் மீனின் முதுகு வளையுது, சரியான நேரத்தில் அந்த மரபணுவைத் திருப்பிப் போட்டால் வளைவு வராமல் தடுக்கலாம் என்று. அது ரத்தப் பரிசோதனை இல்லை, என்றாலும் நம்பிக்கை தரும் விஷயம்.

சந்தேகப்பிராணி

நம்பிக்கை எல்லாம் சரி. 2010-இல் வளைவு ஏறுமா என்று சொல்லும் டெஸ்ட் என்று ஸ்கோலிஸ்கோர் வந்தது ஞாபகம் இருக்கிறதா? அமெரிக்காவில் யூட்டாவில் ஆக்சியல் பயோடெக் என்ற கம்பெனி. எச்சில் எடுத்து, 53 மரபணுக் குறிகளைப் பார்த்து, 1 முதல் 200 வரை ஒரு மதிப்பெண். குறைந்த மதிப்பெண் வந்தால் நிம்மதியாக வீட்டுக்குப் போங்கள், எக்ஸ்-ரே கூட அடிக்கடி வேண்டாம் என்றார்கள். சந்தைக்கே வந்துவிட்டது. அப்புறம் ஜப்பானில் அந்த 53 குறிகளையும் எடுத்துப் பார்த்தால் ஒன்றுக்கும் வளைவு ஏறுவதோடு தொடர்பில்லை. கியூபெக்கின் பிரெஞ்சு வம்சாவளிப் பிள்ளைகளிடம் பார்த்தாலும் அதே கதை. அது முதலிலேயே வெள்ளையினப் பிள்ளைகளுக்கு மட்டும்தான் செல்லும் என்று போட்டிருந்தார்கள், அப்படியும் கியூபெக்கில் தோற்றது. அமெரிக்காவிலேயே தனியாகச் சரிபார்த்தவர்களுக்கும் கைகொடுக்கவில்லை.

இதில் ஒரு தந்திரம் இருக்கிறது, அதைப் புரிந்துகொண்டால் அடுத்து எந்த டெஸ்ட் வந்தாலும் நீங்களே எடை போடலாம். சின்ன வளைவு உள்ள பிள்ளைகளில் அறுவை சிகிச்சை அளவுக்குப் போகிறவர்கள் மிகக் கொஞ்சம். அப்படி இருக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு எல்லோரிடமும் "உனக்கு ஏறாது" என்று சொன்னாலே பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். அதையே "எங்கள் டெஸ்டில் குறைவு என்று வந்தால் நூற்றுக்கு 99 சரி" என்று விளம்பரமாகவும் போடலாம்.

பள்ளிக்கூடத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்து ஸ்கோலியோசிஸ் கண்டுபிடிக்கலாம் என்கிறவர்களுக்கு இதே கணக்கு திரும்பி வந்து அடிக்கும். 1000 பிள்ளைகளில் 25 பேருக்கு இருக்கிறது என்று வையுங்கள். 90 சதவீதம் சரியாகப் பிடிக்கும், 90 சதவீதம் சரியாக விலக்கும் ஒரு அருமையான டெஸ்ட் கிடைத்தால்கூட 22, 23 பேரைப் பிடிக்கும், கூடவே ஏறக்குறைய 97 நல்ல பிள்ளைகளை நோயாளி என்று சொல்லும். பிள்ளையைக் குனியச் சொல்லிப் பின்னாலிருந்து பார்த்தால் ஒரு பைசா செலவில்லாமல் தெரிகிற விஷயத்துக்கு ஊசி எதற்கு?

ரத்தமாதிரி

சந்தேகப்பிராணி சொன்ன கடைசி வரியோடு முழுதாக உடன்படுகிறேன். கண்டுபிடிக்க ரத்தம் தேவையே இல்லை. குனிய வைத்து, ஸ்கோலியோமீட்டரில் முதுகின் சாய்வைப் பார்த்து, 7 டிகிரி தாண்டினால் எக்ஸ்-ரே. முடிந்தது. ரத்தத்தால் உபயோகம் என்று ஒன்று இருந்தால் அது ஏற்கனவே வளைவு இருக்கும் பிள்ளைக்கு இது ஏறுமா நிற்குமா என்ற கேள்விக்குத்தான். ஆனால் இதுவரை வந்த கட்டுரைகளில் பெரும்பாலானவை அந்தக் கேள்வியைக் கேட்கவே இல்லை. வளைவு உள்ளவர்கள் கொஞ்சம் பேர், இல்லாதவர்கள் கொஞ்சம் பேர், ஒரே நாளில் ரத்தம், எது வித்தியாசம் என்று ஒரு பட்டியல். அவ்வளவுதான். அதிலிருந்து எதிர்காலம் எப்படித் தெரியும்?

அந்த ஒப்பீட்டிலும் ஓட்டை. 12 வயதுப் பெண்ணோடு 12 வயதுப் பெண்ணை ஒப்பிட்டேன் என்பார்கள். ஒருத்திக்கு மாதவிடாய் வந்து ஒரு வருஷம் ஆகியிருக்கும், இன்னொருத்திக்கு இன்னும் ஆரம்பிக்கவே இல்லை. ஆஸ்டியோகால்சின், எலும்பு ஏ.எல்.பி. மாதிரியான எலும்புச் சங்கதிகளும் ஈஸ்ட்ரோஜனும் அந்த இரண்டு பேருக்கும் வானத்துக்கும் பூமிக்குமாக இருக்கும். வயதைப் பொருத்துவது போதாது, பருவ வளர்ச்சிக் கட்டத்தைப் பொருத்த வேண்டும். லெப்டின் குறைவு என்று சீனாவில் நாஞ்சிங் குழு 2007-இல் சொன்னது. சரி, ஆனால் ஸ்கோலியோசிஸ் பெண்கள் பொதுவாகவே கொஞ்சம் ஒல்லி. கொழுப்புச் செல்லில் சுரக்கும் லெப்டின் ஒல்லியானவர்களுக்குக் குறைவாக இல்லாமல் எப்படி இருக்கும்?

எது காரணம், எது விளைவு என்பது அதைவிடப் பெரிய தலைவலி. ரத்தத் தட்டணுக்களில் கால்மாடுலின் என்ற புரதம் வளைவு ஏறும் பிள்ளைகளுக்கு அதிகம் என்று 1994-இல் ஒரு கட்டுரை வந்தது. தட்டணுக்களிலும் தசையில் இருப்பது போலவே சுருங்கும் புரதங்கள் உண்டு, அதனால் முதுகுத் தசையில் நடப்பதைத் தட்டணுவில் பார்க்கலாம் என்பது யோசனை. அழகான யோசனைதான். 2002-இல் அதே வழியில் லோ என்பவர் பிள்ளைகளைத் தொடர்ந்து கவனித்து, ஏறும்போது கால்மாடுலினும் ஏறுகிறது, பிரேஸ் போட்டாலோ அறுவை சிகிச்சை செய்தாலோ அது இறங்குகிறது என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கோ அங்கேதான் உறுத்துகிறது. முதுகை நிமிர்த்தினால் இறங்குகிறது என்றால் அது வளைவின் விளைவாகத்தானே இருக்க வேண்டும்? குடை விரித்தவர்களைப் பார்த்துவிட்டு குடைதான் மழையைக் கூட்டிவந்தது என்று சொல்வது மாதிரி ஆகிவிடக் கூடாது. ஏறிக்கொண்டிருக்கும்போது ஏறுகிற ஒன்று எக்ஸ்-ரேக்கு மாற்றாக உதவலாம், முன்கூட்டியே சொல்ல உதவாது.

ஸ்கார்பரோ அண்ணா, மொரோ விஷயத்துக்கு வருகிறேன். 2004-இல் அவர்கள் அறுவை சிகிச்சையில் எடுத்த எலும்புச் செல்களில் மெலடோனின் சமிக்ஞை தடைப்படுவதைக் காட்டினார்கள். அப்புறம் ரத்த வெள்ளை அணுக்களிலும் அதே குறை தெரிகிறது என்று கண்டு, பிள்ளைகளை மூன்று வகையாகப் பிரித்தார்கள், அதில் இரண்டாவது வகைக்கு வளைவு தீவிரமாகும் வாய்ப்பு அதிகம் என்கிறார்கள். ரத்தத்தில் ஆஸ்டியோபான்டின் என்ற புரதம் அதிகம் என்பதும் அவர்கள் தடம்தான். எனக்குப் பிடித்த தடம் இது, ஏனென்றால் அளவை மட்டும் பார்க்காமல் செல் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்கிறது. ஆனால் நடைமுறையில் உயிருள்ள செல்லை ரத்தத்திலிருந்து பிரித்து, அதற்கென்று ஒரு கருவியில் தூண்டிப் பார்க்க வேண்டும். ரத்தம் பிடித்த சோதனைக் குழாயில் ஸ்டிக்கர் ஒட்டி கூரியரில் அனுப்பும் டெஸ்ட் இல்லை. ஆஸ்டியோபான்டினோ அழற்சி இருந்தாலும் கூடும், சில புற்றுநோய்களிலும் கூடும். அதோடு ரத்தம் உறையும்போது த்ராம்பின் என்ற நொதி அதை வெட்டிவிடும், அதனால் உறைய விட்டுப் பிரித்த சீரத்தில் எடுத்தால் ஒரு எண், உறையாமல் தடுக்கும் இ.டி.டி.ஏ. குழாயில் பிளாஸ்மாவாக எடுத்தால் வேறொரு எண். கட்டுரைக்குக் கட்டுரை எண்கள் ஒத்துப்போகவில்லை என்று புலம்புகிறவர்கள் முதலில் எந்தக் குழாயில் எடுத்தார்கள் என்று பார்க்கட்டும்.

மைக்ரோ ஆர்.என்.ஏ. (மரபணுக்களின் வேலையைக் கட்டுப்படுத்தும் சின்னஞ்சிறு துண்டுகள்) பற்றி யாரும் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். 2018-இல் ஸ்பெயினில் வலென்சியா குழு ரத்தத்தில் மிதக்கும் நான்கு மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களைச் சேர்த்து ஒரு கையொப்பம் மாதிரி வெளியிட்டது. நம்பிக்கை தரும் வேலை, ஆனால் இதுவும் உள்ளவர்கள், இல்லாதவர்கள் ஒப்பீடுதான். ஊசி குத்தும்போது நாலு சிவப்பணு உடைந்தால் போதும், அதற்குள் இருக்கும் மைக்ரோ ஆர்.என்.ஏ. எல்லாம் வெளியே கொட்டி ரிசல்ட்டையே மாற்றிவிடும். பயப்படுகிற பிள்ளைக்கு ஊசி போட்டவர்களுக்குத் தெரியும் எத்தனை மாதிரி இளஞ்சிவப்பாக வரும் என்று.

சந்தேகப்பிராணி

அப்போ நீங்களே சொல்கிறீர்கள் ஒன்றும் தேறாது என்று. அந்தப் பணத்தை எக்ஸ்-ரேயை நன்றாக அளக்கும் மென்பொருளுக்கும், கையெலும்பு எக்ஸ்-ரே வைத்து வளர்ச்சி எவ்வளவு பாக்கி என்று பார்க்கும் சாண்டர்ஸ் முறைக்கும் போட்டால் நாளைக்கே பலன். 1984-லேயே லான்ஸ்டீனும் கார்ல்சனும் 727 பிள்ளைகளைப் பார்த்து எழுதிவிட்டார்கள். ரிஸ்ஸர் 0 அல்லது 1, வளைவு 20 முதல் 29 என்றால் 68 சதவீதம் பேருக்கு ஏறுகிறது. அதே ரிஸ்ஸரில் 20-க்குக் கீழே என்றால் 22 சதவீதம். வளர்ச்சி முடியப்போகும் ரிஸ்ஸர் 2 முதல் 4-இல் 20-க்குக் கீழே என்றால் 1.6 சதவீதம்தான். ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் இவ்வளவு தெரிகிறது. எந்த பயோமார்க்கர் வந்தாலும் இதைத் தாண்டி என்ன கூடுதலாகச் சொல்கிறது என்று காட்டட்டும், அப்புறம் பேசலாம்.

ரத்தமாதிரி

தேறாது என்று நான் சொல்லவில்லை. தப்பான கேள்வியோடு செய்தால் தேறாது என்றேன்.

நீங்கள் கொடுத்த எண்ணையே எடுங்கள். 68 சதவீதம் ஏறுகிறது, அப்படியானால் 32 சதவீதம் ஏறவில்லை. அந்த 32 யார்? ரிஸ்ஸர் சொல்லாது, காப் கோணமும் சொல்லாது. 2013-இல் வந்த பிரேஸ் ஆய்வைப் பாருங்கள், அமெரிக்காவிலும் கனடாவிலும் 25 மருத்துவமனைகள், 242 பிள்ளைகள். வளர்ச்சி முடியும்வரை 50 டிகிரியைத் தொடாமல் தப்பித்தால் வெற்றி. பிரேஸ் போட்டவர்களில் 72 சதவீதம், சும்மா கவனித்தவர்களில் 48 சதவீதம். பிரேஸ் வேலை செய்கிறது என்று உறுதியாகி ஆய்வையே பாதியில் நிறுத்தினார்கள், நல்லது. ஆனால் அந்த 48-ஐ மறுபடி படியுங்கள். பிரேஸே போடாமல் ஏறக்குறைய பாதிப் பேர் தப்பித்திருக்கிறார்கள். பிரேஸ் போட்ட பக்கத்திலும் அப்படிப்பட்டவர்கள் இருந்திருப்பார்கள் இல்லையா? நம் ஊர் மே மாத வெயிலில் தினம் 18 மணி நேரம் பிளாஸ்டிக் கூட்டுக்குள் இருக்கும் 13 வயதுப் பெண்ணுக்கு அது தேவையே இல்லாமல் இருந்திருக்கலாம். அதைப் பிரித்துச் சொல்ல எக்ஸ்-ரேயால் முடியவில்லை. ரத்தத்தால் முடியுமா என்று தேடுவது வீண் வேலை இல்லை.

எக்ஸ்-ரேயும் இலவசம் இல்லை. அமெரிக்காவில் 1912 முதல் 1965 வரை ஸ்கோலியோசிஸ் என்று கண்டறியப்பட்ட 5,500-க்கு மேற்பட்ட பெண்களைப் பின்தொடர்ந்தார்கள். ஆளுக்குச் சராசரியாக 25 எக்ஸ்-ரே. மார்பகப் புற்றுநோயில் இறந்தவர்கள் எதிர்பார்த்ததைவிட 1.7 மடங்கு. இன்றைய இயந்திரங்களில் கதிர்வீச்சு அதில் ஒரு சிறு பகுதிதான், அம்மா பயப்பட வேண்டாம். ஆனால் எண்ணிக்கையைக் குறைக்க ஒரு வழி கிடைத்தால் வேண்டாம் என்போமா?

சரியான ஆய்வு எப்படி இருக்க வேண்டும் என்றால், முதல் நாள் வரும்போதே, பிரேஸ் போடுவதற்கு முன்பே, ரத்தம் எடுத்து மைனஸ் 80 டிகிரி குளிரில் வைத்துவிட வேண்டும். பிள்ளையின் வளர்ச்சி முடியும்வரை மூன்று நான்கு வருஷம் காத்திருந்து, ஏறியது யாருக்கு, நின்றது யாருக்கு என்று தெரிந்த பிறகு பெட்டியைத் திறக்க வேண்டும். இதில் ஒரு முடிச்சு உண்டு, ஏறுகிற மாதிரி தெரிந்தால் டாக்டர் பிரேஸ் போட்டுவிடுவார், போடாமல் இருக்கவும் கூடாது. பிரேஸ் போட்டு நின்றவளை "தானாக நின்றவள்" கணக்கில் சேர்க்க முடியாது. அதனால் பிரேஸுக்குள் சென்சார் வைத்து எத்தனை மணி நேரம் போட்டாள் என்று அளந்து அதையும் கணக்கில் கொண்டுவர வேண்டும். செலவும் பொறுமையும் அதிகம், மூன்று வருஷத்தில் பி.எச்.டி. முடிக்க நினைக்கிறவன் தொடமாட்டான்.

சந்தேகப்பிராணி

சரி, அந்த 48 நல்ல வாதம், ஒத்துக்கொள்கிறேன். ஆனாலும் மரபணு, ரத்தம் என்று போகும்போது இந்தியப் பிள்ளைகளிடம் தனியாகச் சரிபார்க்காமல் இங்கே விற்கக்கூடாது. ஸ்கோலிஸ்கோர் கற்றுக்கொடுத்தது அதுதான்.

ஸ்கார்பரோ_மாமா

ஒரு கேள்வி. பரம்பரை என்றால் இரட்டைப் பிள்ளைகளில் இரண்டு பேருக்கும் வரத்தானே வேணும்? என் மருமகளின் இரட்டைக்கு ஒன்றும் இல்லை, கம்பு மாதிரி நேராக நிற்கிறாள்.

ரத்தமாதிரி

ஒரே உருவ இரட்டையரா அண்ணா? 1997-இல் பழைய ஆய்வுகளைத் தொகுத்தபோது ஒரே கருவில் பிரிந்த இரட்டையரில் இருவருக்கும் வந்தது 73 சதவீதம், தனித்தனிக் கருவில் 36. மரபணுவுக்கு வலுவான பங்கு உண்டு, ஆனால் 100 இல்லை. ஜப்பானில் 2011-இல் எல்.பி.எக்ஸ்.1 என்ற மரபணுவின் பக்கத்தில் ஒரு இடம், 2013-இல் ஜி.பி.ஆர்.126 என்ற மரபணு என்று கண்டுபிடித்தார்கள், மற்ற நாடுகளிலும் நிலைத்த முடிவுகள். ஆனால் ஒவ்வொன்றும் ஆபத்தைக் கொஞ்சமே கூட்டுகிறது. மீதியில் என்ன இருக்கிறது என்று தேடத்தான் மரபணுவை விட்டு ரத்தத்தில் ஓடும் புரதத்துக்கும் ஆர்.என்.ஏ.வுக்கும் போனார்கள்.

மலைக்கோட்டை_அம்மா

எல்லாவற்றையும் இரண்டு தடவை படித்தேன். பாதிதான் புரிந்தது, அந்தப் பாதியே போதும். அந்தப் பேனல் இடத்தில் மூன்று மாதம் கழித்து "ரிப்பீட்" எடுக்கச் சொல்லியிருக்கிறார்கள், போகப்போவதில்லை. வைட்டமின் டி மட்டும் குழந்தை டாக்டரிடம் கேட்டுக்கொள்கிறேன். அடுத்த முறை எலும்பு டாக்டரிடம் என்ன கேட்பது?

பிசியோ_அக்கா

எக்ஸ்-ரே எடுக்கும்போது பின்பக்கமிருந்து முன்பக்கமாகக் கதிர் போகும்படி எடுக்கச் சொல்லுங்கள், மார்பில் படும் கதிர்வீச்சு நன்றாகக் குறையும். கையெலும்பு எக்ஸ்-ரே ஒன்று தேவையா என்று கேளுங்கள். ஒவ்வொரு மாதமும் ஒரே நாளில், செருப்பில்லாமல், சுவரோரம் நிற்க வைத்து உயரம் குறித்து எடுத்துப் போங்கள், டாக்டருக்கு அது ரொம்ப உதவும். காப் கோணம் அளப்பதில் 5 டிகிரி வரை முன்னே பின்னே இருக்கும், அதனால் 18 போய் 21 வந்தால் அன்றைக்கே அழ வேண்டாம், ஒரே ஆளை இரண்டு படத்தையும் வைத்து அளக்கச் சொல்லுங்கள். 25 தாண்டினால் பிரேஸ் பேச்சு வரும். வந்தால் எத்தனை மணி நேரம் என்பதுதான் முக்கியம், அதே 2013 ஆய்வில் தினம் 13 மணி நேரம் போல போட்டவர்களில் 100-க்கு 90 பேர் தப்பித்தார்கள். நீச்சல், பரதம், கபடி எதையும் நிறுத்த வேண்டாம்.

மலைக்கோட்டை_அம்மா

கபடிதான் அக்கா ஆடுகிறாள். பள்ளியில் வேண்டாம் என்று நிறுத்தி வைத்திருக்கிறார்கள். நாளைக்குப் போய்ப் பேசுகிறேன்.

பிசியோ_அக்கா

டாக்டரிடம் ஒரு கடிதம் வாங்கிப் போங்கள், வாய்ப்பேச்சுக்கு மசியமாட்டார்கள்.